ஆணி மாற்றத் தெரிந்த ஊருக்கு பேட் மாற்றத் தெரியாதா?

ஆணி போய்விட்டது என்பதற்காக ஒரு பம்பரத்தைக் குப்பையில் போட்டதாகப் புதுக்கோட்டைப் பக்கம் யாராவது கேள்விப்பட்டதுண்டா? கிடையாது. வட்டத்துக்குள் கிடந்து ஆக்கர் ஆக்கராகக் குத்து வாங்கி, உடம்பெல்லாம் குழியாகி, கடைசியில் ஆணியும் ஆடிப்போன பம்பரத்தைக் கூடப் பையன்கள் விடமாட்டார்கள். குறடு வைத்துப் பழைய ஆணியைப் பிடுங்குவார்கள். வேறு ஆணி அடிப்பார்கள். தலையை வெட்டிவிட்டு வாசல் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றுவார்கள். ஆணி கோணலாக இறங்கினால் பம்பரம் அதிரும். மறுபடி பிடுங்கி மறுபடி அடிப்பார்கள். பத்து வயதுப் பையனுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. அண்ணன் செய்வதைத் தம்பி பார்த்தான், அவ்வளவுதான்.

அதே வீட்டு அலமாரியில் ஒரு பழைய யோயோவும் கிடக்கும். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கலாம், சென்னையில் கடையில் வாங்கியதாக இருக்கலாம். வாங்கிப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். எறிந்தால் கீழே போய் அழகாகச் சுற்றுகிறது. இழுத்தால் மட்டும் மேலே வரமாட்டேன் என்கிறது. உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "இது அவ்வளவுதான்டா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு."

இந்தத் தீர்ப்பு தப்பு. அந்த யோயோ சாகவில்லை. அதற்குள் இருக்கும் விரல் நகம் அளவு சமாச்சாரம் ஒன்று தேய்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் ரெஸ்பான்ஸ் பேட். பம்பரத்துக்கு ஆணி எப்படியோ, யோயோவுக்கு பேட் அப்படி. அதை மாற்றுவதற்கு வேண்டிய எல்லாப் பொருளும் புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: எந்த அளவு பேட் என்ற தகவல். அதை யார் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

பேட் என்றால் என்ன?

கிரிக்கெட்டில் காலில் கட்டுவதும் பேட்தான், ஆனால் இது வேறு. யோயோவின் இரண்டு வட்டுகளுக்கும் நடுவே, அச்சைச் சுற்றி, வட்டுக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய வளையங்கள் ஒட்டியிருக்கும். ரப்பர், சிலிக்கான், கார்க், சொரசொரப்பான ஸ்டிக்கர் என்று எதுவாகவும் இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

கயிறு அச்சோடு முடிச்சுப் போட்டுக் கட்டப்படவில்லை. ஒரு கண்ணி மாதிரி அச்சைச் சுற்றிச் சும்மா மாட்டியிருக்கிறது. அதனால்தான் கீழே இறங்கிய யோயோ நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இதைத்தான் யோயோ 'தூங்குகிறது' என்பார்கள். கையால் ஒரு சொடுக்கு சொடுக்கினால் கயிறு ஒரு கணம் தளர்கிறது. தளர்ந்த கயிறு பக்கவாட்டில் பேடைத் தொடுகிறது. பேட் அதைப் பிடித்து இழுத்து ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த ஒரு சுற்று விழுந்துவிட்டால் போதும், மீதிக் கயிறு தன்னால் சுற்றிக்கொண்டு யோயோ கைக்கு வந்துவிடும். ஆக, பேடின் வேலை அந்த முதல் சுற்றோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த முதல் சுற்று இல்லாவிட்டால் யோயோவே இல்லை!

பிடிப்பு அதிகமானாலும் வம்பு. யோயோ தூங்கவே தூங்காது, எறிந்த வேகத்தில் திரும்பி வந்து முட்டியில் அடிக்கும். குறைந்தாலும் வம்பு, திரும்பி வராது. நடுவில் இருக்கும் அந்த ஒரு புள்ளியைப் பிடிப்பதுதான் பேட் தேர்ந்தெடுப்பது.

முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள்

இதில் வேடிக்கை என்னவென்றால், பேட் போச்சு என்று தூக்கி எறியப்படும் யோயோக்களில் பலவற்றில் பேட் நன்றாகவே இருக்கும். பழி மட்டும் அதன் மேல். பேடைத் தொடுவதற்கு முன் மூன்று பேரை விசாரிக்க வேண்டும்.

1. கயிறு. பழைய யோயோவுக்குப் பருத்திக் கயிறுதான் சரி. பருத்தியின் மேலே பிசிர் இருக்கும், அந்தப் பிசிரைத்தான் பேட் பிடிக்கிறது. பாலியெஸ்டர் கயிறு வழுக்கும். மர அச்சு உள்ள யோயோவில் பாலியெஸ்டர் போட்டால் உராய்வுச் சூட்டில் உருகி அறுந்தும் போகும். மாதக்கணக்கில் மாற்றாத, அழுக்கேறி முறுக்குப் போன கயிற்றை வைத்துக்கொண்டு பேடைத் திட்டுவது நியாயமில்லை.

2. பேரிங். பேரிங் வைத்த பழைய யோயோக்களுக்குக் கெட்டியான எண்ணெய் விடுவது வழக்கம். அந்த எண்ணெய் கொடுக்கும் லேசான தடையும் யோயோ திரும்பி வருவதற்கு ஓர் உதவி. அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் பேரிங் பிரமாதமாகச் சுற்றும், யோயோ திரும்பி வராது. "சர்வீஸ் பண்ணேன், கெட்டுப்போச்சு" என்று புலம்புகிறவர்கள் செய்த வேலை இதுதான். இன்னொரு கூட்டம் தேங்காய் எண்ணெய் விடுகிறது. மார்கழிக் காலையில் அது உறைந்துவிடும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதுவும் போதாமல் யோயோ தூங்கிக்கொண்டே இருந்தால் துளி கிரீஸ்.

3. இடைவெளி. இரண்டு வட்டுகளுக்கும் நடுவே கயிறு போகும் சந்து அகன்றுவிட்டால் கயிறு பேடைத் தொடவே தொடாது. திருகு தளர்ந்திருக்கலாம், உள்ளே இருந்த மெல்லிய வாஷர் இடம் மாறியிருக்கலாம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் யோயோ வரவில்லை என்றால் மட்டுமே பேட் குற்றவாளி.

மூன்று கட்சிகள்

பேட் தேய்ந்துவிட்டது என்று முடிவானபின் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இவர்கள் மூன்று கட்சி.

முதல் கட்சி, 'ஒரிஜினல்' கட்சி. கம்பெனி போட்ட அதே பேட், அதே நிறம், அதே பொட்டலம் கிடைத்தால்தான் மாற்றுவார்கள். கிடைக்காவிட்டால் யோயோவைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடுவார்கள். இருபது வருடத்துக்கு முன் செய்த ரப்பர் இன்று கிடைத்தாலும் எப்படி இருக்கும்? ஒட்டும் பசை காய்ந்திருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். 'ஒரிஜினல்' என்று காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு கெட்டுப்போன பேடைத்தான். தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட ஒரு பாகத்துக்கு இவ்வளவு பக்தி எதற்கு? பழைய அம்பாசடர் காரை ஆசையாக வைத்திருப்பவர் அதன் முதல் பிரேக் ஷூவைத் தேடிக்கொண்டா அலைகிறார்?

இரண்டாவது கட்சி, 'மாடர்ன்' கட்சி. இவர்கள்தான் அதிக ஆபத்தானவர்கள், ஏனென்றால் இவர்களுக்கு வேலை தெரியும். பழைய யோயோவைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பள்ளம் தோண்டி, உள்ளே சிலிக்கான் ஊற்றி, பேரிங்கையும் அகலமாக்கி, இன்றைய ரக யோயோவாக்கிவிடுவார்கள். இன்றைய போட்டி யோயோக்கள் சொடுக்கினால் திரும்பி வருவதில்லை. கயிற்றை மடித்துக் கொடுத்து 'பைண்ட்' போட்டால்தான் வரும். 2000-களின் நடுவிலிருந்து விளையாட்டு அந்தப் பக்கம் போய்விட்டது, தப்பில்லை. ஆனால் சொடுக்கினால் வருவதற்கென்று செய்த பழைய யோயோவை அப்படி மாற்றினால் கிடைப்பது என்ன? ஒரு மட்டமான புது யோயோ. போனது என்ன? ஒரு நல்ல பழைய யோயோ. தோண்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மாட்டு வண்டிக்கு மோட்டார் வைத்தால் அது லாரியும் ஆகாது, வண்டியாகவும் இருக்காது.

மூன்றாவது, 'எதையாவது ஒட்டு' கட்சி. இவர்களிடம் துணிச்சல் இருக்கிறது, பொறுமை இல்லை. பஞ்சர் ஒட்டுகிற சைக்கிள் டியூப்பை வெட்டி ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடுவார்கள். டியூப் ரப்பரின் பிடிப்பு அதிகம், கனமும் அதிகம். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பேட் இரண்டு பக்கமும் உண்டு என்பதால், தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினால் சந்து ஒரு மில்லிமீட்டர் குறையும். யோயோவின் சந்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது சாதாரண விஷயமில்லை. யோயோ எறிந்த நொடியே கைக்குத் திரும்பும், கயிறு கறுப்பாகும், பிறகு சிக்கிக்கொள்ளும். ஃபெவிக்விக் இன்னும் மோசம். அதன் ஆவியே பிளாஸ்டிக்கில் வெள்ளை பூத்துவிடும், தெளிவான பிளாஸ்டிக்கில் விரிசலும் விடும், சிலிக்கானை மட்டும் சரியாக ஒட்டவே ஒட்டாது. ஒரு சொட்டு பேரிங்குக்குள் போனால் கதை முடிந்தது.

மூன்று கட்சிக்கும் பொதுவான தப்பு ஒன்று உண்டு. யாருமே யோயோவைக் கேட்கவில்லை. ஒருவர் கம்பெனியைக் கேட்கிறார், ஒருவர் இன்றைய ஃபேஷனைக் கேட்கிறார், ஒருவர் கையில் கிடைத்ததைக் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இந்த யோயோ எப்படித் திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டது? இப்போது ஒட்டுவதை நாளைக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியுமா? இரண்டுக்கும் சரியான பதில் தரும் எந்தப் பொருளும் நல்ல பேட்தான். அது எந்தக் கடையில் வாங்கியது என்பது பிரச்சினையே இல்லை.

எந்த யோயோவுக்கு எது?

பழைய யோயோ என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே திறந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி.

மர யோயோ: பேடே கிடையாது. மரத்தின் சொரசொரப்புதான் பேட். வழுவழுப்பாகிவிட்டால் மெல்லிய எமரித் தாளால் லேசாக ஒரு தேய், புதுப் பருத்திக் கயிறு, கயிற்றை அச்சில் இரண்டு கண்ணியாக மாட்டுவது, அவ்வளவே வைத்தியம். இதில் பேட் ஒட்டுவது பட்டுவேட்டிக்குப் பெல்ட் போடுவது மாதிரி.

விசிறிக் கோடு யோயோ: யோமெகா ஃபயர்பால் போன்றவற்றின் உட்புறத்தில் சூரியக் கதிர் மாதிரி மேடுகள் வார்த்திருக்கும். கதிர்கள் தேய்ந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது வீண், மேடுபள்ளத்தில் நிற்காது. கொஞ்சம் தடித்த பருத்திக் கயிறுதான் மருந்து. யோமெகாவின் பிரெய்ன் ரகத்துக்கு உள்ளே ஸ்பிரிங் வைத்த கிளட்ச் இருக்கிறது. வேகம் குறைந்ததும் அதுவே அச்சைக் கவ்வி மேலே கொண்டுவந்துவிடும். அதற்கு பேட் தேடுகிறவர் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுகிறார்.

ஓ-ரிங் யோயோ: வட்டமான ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இதற்காக அமெரிக்காவுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் போர்வெல்லை நம்பி விவசாயம் நடக்கிறது. மோட்டார் ரிப்பேர் கடைகளில் ஓ-ரிங் இல்லாமல் வேலை ஓடாது. உள் விட்டம், வளையத்தின் கனம் இரண்டையும் அளந்து பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பக்கத்து அளவாவது கிடைக்கும். பள்ளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

ஸ்டிக்கர் யோயோ: 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் வந்த பேரிங் யோயோக்கள் பலவற்றில் மெல்லிய வட்ட ஸ்டிக்கர்தான் இருந்தது. பெரும்பாலும் அலமாரியில் கிடப்பது இந்த ரகம். இதற்கு வழி இரண்டு. முதலாவது, மெக்கானிக் கடையில் எஞ்சினுக்குப் 'பேக்கிங்' வெட்டும் கார்க் ஷீட்டில் இருப்பதிலேயே மெல்லியது. இன்னொன்று, மருந்துக்கடையில் விற்கும் துணி பிளாஸ்டர். முதலாவது நீண்ட நாள் வரும். இரண்டாவது சீக்கிரம் தேயும், ஆனால் கனம் குறைவு, உரித்து மாற்றுவதும் சுலபம். முதலில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி எறிந்து பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் மட்டும் இரண்டாவது பக்கம்.

வளையம் வெட்டுவதற்கு ஒரு வழி. இன்று பரவலாக விற்கும் மெல்லிய பேடின் வெளி விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். 2011-இல் வந்த 50 பைசா நாணயத்தின் விட்டமும் 19 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் வாங்க மறுக்கும் அந்த 50 பைசாவைக் கார்க் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டலாம். அம்மன் காசு அடித்த ஊரில் காசுக்கு இப்படியும் ஒரு உபயோகம்! நடு ஓட்டை மட்டும் பேரிங்கை உரசாத அளவுக்கு இருக்க வேண்டும்.

சிலிக்கான் யோயோ: வட்டில் ஏற்கெனவே பள்ளம் இருந்தால் பேட் வாங்கவே வேண்டாம். ஊற்றிக்கொள்ளலாம். டூவீலர் மெக்கானிக்குகள் 'அனபாண்ட்' என்று சொல்லும் டியூப் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் உண்டு. அந்தப் பெயர் சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர். இதில் கேட்டு வாங்க வேண்டியது ஆர்.டி.வி. சிலிக்கான், அதாவது சூடு வைக்காமல் அறை வெப்பத்திலேயே காற்றின் ஈரத்தைப் பிடித்து இறுகும் ரகம். பழைய பேடையும் பசையையும் சுத்தமாக எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பேரிங் உட்காரும் இடத்தைக் கழற்றி டேப் ஒட்டி மறைத்து, பள்ளத்தில் நிரப்பி, பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் மட்டம் செய்ய வேண்டும். பிறகு ஒரு முழு நாள் தொடக்கூடாது. சில ரகத்தில் வினிகர் வாடை வரும், அந்த அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் உலோக அச்சுப் பக்கம் எச்சரிக்கை தேவை. வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது. பழைய யோயோவில் சிலிக்கான் வட்டின் மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே தாழ்ந்தால் அது திரும்பி வராத புது ரகமாகிவிடும். பிடிக்கவில்லையா? நகத்தால் கிள்ளினால் வளையமாக உரிந்து வந்துவிடும், யோயோவுக்கு ஒரு கீறலும் இல்லை.

அந்த மூன்று எண்கள் எங்கே?

இவ்வளவு வேலையும் எதற்காக? அளவு தெரியாததால். வெளி விட்டம், உள் விட்டம், கனம் என்று மூன்றே எண்கள். யோயோவின் டப்பாவில் சாம்பியன் படம் இருக்கும், எச்சரிக்கை இருக்கும், பார்கோடு இருக்கும். இந்த மூன்று எண்களும் இருக்கும் டப்பாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சைக்கிள் கடைக்குப் போய் 28க்கு ஒன்றரை டியூப் என்றால் கீரனூரிலும் ஒன்றுதான், பொன்னமராவதியிலும் ஒன்றுதான். டயரிலேயே அச்சடித்திருக்கிறது. பைக் மெக்கானிக்கிடம் 6301 என்று ஒரு பேரிங் எண்ணைச் சொன்னால் உள் விட்டம் 12, வெளி விட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர் என்று அர்த்தம். எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் அதே அளவு. யோயோவிலும் பேரிங் விஷயத்தில் இந்த நியாயம் இருக்கிறது. பரவலாக இருக்கும் 'சி' அளவு பேரிங் என்பது ஆர்188 என்ற பொது அளவுதான். 6.35 மில்லிமீட்டர் உள் விட்டம், 12.7 வெளி விட்டம், 4.76 அகலம். 2017-இல் பையன்கள் கையெல்லாம் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னர்களில் சிலவற்றில் கூட இதே பேரிங்தான் இருந்தது.

பேரிங்குக்குப் பொது அளவு இருக்க, பேடுக்கு மட்டும் ஏன் இல்லை? ஒரு கம்பெனி ஒரு அளவு, அதே கம்பெனி அடுத்த மாடலுக்கு வேறு அளவு, அதற்கொரு செல்லப் பெயர். பேரிங் வருடக்கணக்கில் உழைக்கும், பேட் மாதக்கணக்கில் தேயும். அடிக்கடி விற்கும் பொருளுக்கு மட்டும் அளவு சொல்லாமல் பெயர் சொல்வது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். பெயர் மாறிப் பழைய பேட் நின்றுபோன நாளில், யோயோவும் செத்துவிட்டதாகக் கணக்கு எழுதப்படுகிறது. புது யோயோ ஒன்று விற்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று சொல்வது சுலபம். பொம்மைகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றத்தான் வரி என்றால் சந்தோஷம். ஆனால் இரண்டு பேடுக்கு யோயோ விலையைக் கொடுக்கும் நிலை வரும்போது உள்ளூரில் அதை வெட்டிக்கொள்ள அளவாவது தெரிய வேண்டாமா?

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நல்ல சட்டம். கூர் குத்துமா, தீப்பிடிக்குமா, நச்சு இருக்குமா என்று பார்க்கிறது. ரிப்பேர் செய்ய முடியுமா என்பது அதன் கவலை இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24-ல் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் முதலான மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. பொம்மை அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை அல்லவா!

"ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. முதல் பதில்: பொம்மையில்தான் பழக்கம் ஆரம்பிக்கிறது. பம்பரத்துக்கு ஆணி மாற்றிய கை பிறகு சைக்கிள் செயினை மாற்றியது, மோட்டாரைப் பிரித்தது. திருவப்பூர் மாசித் திருவிழாவிலும் நார்த்தாமலை பங்குனித் திருவிழாவிலும் கடைபோடும் பொம்மைகளைப் பிரித்துப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. இப்போது விலை மலிவான யோயோக்களில் பல பிரிக்கவே முடியாதபடி ஒட்டித்தான் வருகின்றன. கெட்டால் தூக்கிப் போடு என்று ஏழு வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, இருபது வயதில் வருடத்துக்கொரு செல்போன் கேட்கிறான் என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்வி: "யோயோ வெளிநாட்டுச் சாமான், நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" ராஜஸ்தானில் சுமார் 1770-இல் வரைந்த ஓவியம் ஒன்றில் ஒரு பெண் யோயோ ஆடிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் 1928-இல் யோயோ கம்பெனி தொடங்கியவர் பெட்ரோ ஃப்ளோரஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரர். டங்கன் கம்பெனி பிறகுதான் வந்தது. 'யோயோ' என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று அது கொண்டாடியதையும் 1965-இல் அமெரிக்க நீதிமன்றம் ஏற்கவில்லை, அது பொதுச்சொல் என்றது. சன்னபட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய யோயோக்கள் செய்கிறார்கள். ஆக, இது யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

பிரித்து ரிப்பேர் செய்யும்படி யோயோ செய்ய முடியாது என்று யாரும் சாக்குச் சொல்லவும் முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் பல் டாக்டராக இருந்த டாம் கூன், 1970-களின் கடைசியிலேயே, கையால் கழற்றி அச்சை மாற்றிக்கொள்ளும் மர யோயோவைச் செய்து விற்றார். தேயும் பாகம் தேயத்தான் செய்யும், அதை வாங்கியவரே மாற்றிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பல் டாக்டருக்குத் தோன்றியது இன்றைய கம்பெனிகளுக்குத் தோன்றவில்லை என்றால் அது அறிவுக் குறைவு இல்லை, மனசுக் குறைவு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யோயோவின் உட்புறத்தில், பேடுக்கு அடியில், மூன்று எண்களை வார்த்துவிடுங்கள். பேட் தேய்ந்து உரிந்து விழும் அன்று அந்த எண்கள் கண்ணில் படும். அந்த எண்களைச் சொன்னால் புதுக்கோட்டையில் பேக்கிங் வெட்டுகிறவர் பத்து நிமிடத்தில் இரண்டு வளையம் வெட்டிக் கொடுத்துவிடுவார். அச்சுச் செலவு ஒரே ஒரு முறைதான்.

அது வரைக்கும் 50 பைசா இருக்கிறது, கார்க் ஷீட் இருக்கிறது, அனபாண்ட் டியூப் இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் யோயோவை யாரும் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் கயிற்றை மாற்றிப் பாருங்கள்.